வெளிப்பொருள், மதம் சார்ந்தது

மூன்று கிழமையாக நான் என்னைத் தவிர மற்ற எல்லாரையும் சந்தேகித்தேன். ஒரு ஸ்கோப்பை, அதைச் செய்த தொழிற்சாலையை, ஒரு பெட்டித் தோட்டாவை, ஒரு நல்ல மனுசனின் சுட்டுவிரலை, எழுபது வயது தாண்டிய ஒரு பால் பண்ணைக்காரரை, ஒருநாள் மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு என் முதலாளியைக்கூட. இருபத்தாறு வருடம் சந்தேகப்படுவதற்கென்றே சம்பளம் வாங்கியவன் என்பதால் அதை மிகவும் ஒழுங்காகச் செய்தேன். கடைசியில் குற்றவாளி அகப்பட்டது. அதை வைத்தவன் நானே.

எங்கள் சங்கத்து ஆண்டு மலர்க் குழுவினர் கேட்டிராவிட்டால் இதை வெளியே சொல்லியிருக்கமாட்டேன். "எல்லாரும் றெஸ்ரோறன்ற் குசினியைப் பற்றித்தான் எழுதித் தருகினம், அண்ணை. நீங்கள் துவக்குக் கடையிலை வேலை செய்தனீங்கள். அதை எழுதுங்கோ" என்றார்கள். இன்னொரு காரணமும் உண்டு. நான் போன பிறகு பட்டறையில் என் மேசையை எடுத்துவிட்டு, கணினி பூட்டிய ஒரு சோதனை இயந்திரம் வைத்திருக்கிறார்கள். நான் மூன்று நாளில் செய்ததை அது நான்கு நிமிடத்தில் செய்கிறதாம். அது செய்யாத ஒன்றை நான் செய்தேன் என்பதையும் யாராவது பதிந்து வைக்கவேண்டும்.

கடை ஜேர்மனியில், கொலோனிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம் தள்ளி, ஒரு சிறு நகரத்தில் இருந்தது. முன்பக்கம் விற்பனை, பின்பக்கம் பட்டறை, பட்டறையின் மூலையில் நான். வேட்டைக்காரர் துவக்கின் மேல் பூட்டும் தொலைநோக்கிக் கண்ணாடி, அதாவது ஸ்கோப், உண்மை பேசுகிறதா என்று பார்த்து, பூட்டிக் கொடுப்பது என் வேலை. போன வருடம் ஐம்பத்தொன்பதாவது வயதில் என் வலது கண் ஓய்வு பெற்றது. மீதி உடம்பும் அதோடு கூடப் போகவேண்டியதாயிற்று.

சண்டைக்குப் பயந்து ஓடிவந்தவன் துவக்குக் கடையில் என்ன செய்தான் என்று கேட்பீர்கள். அதை முதலில் கேட்டது வெளிநாட்டவர் அலுவலகத்து அம்மாதான். அகதி விசாரணையில் நான் துவக்கைத் தொட்டதே இல்லை என்று சொல்லியிருந்தேன். அது உண்மை. பிறகு இந்த வேலைக் கடிதத்தோடு போய் நின்றபோது, அவர் பழைய கோப்பையும் புதுக் கடிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மாறிமாறிப் பார்த்தார். நான் தொடப்போவது கண்ணாடியைத்தான் என்று விளக்கினேன். இன்றுவரை என் கையால் செத்த ஆகப் பெரிய மிருகம், கடிக்க வந்த நுளம்புதான்.

பயிற்சிக் காலத்தைப் பற்றி ஒன்று சொன்னால் போதும். முதல் மாதம் ஒரு துவக்கோடு வந்த துண்டில் 'ட்ரெஃப்புங்ட் மாறிவிட்டது' என்று எழுதியிருந்தது. எனக்குத் தெரிந்த ட்ரெஃப்புங்ட், ஸ்டேஷனில் ஆட்கள் சந்திக்கும் இடம். எனவே வாடிக்கையாளருக்குத் தொலைபேசி எடுத்து, இப்போது எந்த இடம் என்று பணிவாகக் கேட்டேன். அவர் சற்று யோசித்துவிட்டு, "பத்துச் சென்டிமீட்டர் இடது பக்கம்" என்றார். நான் அதையும் எழுதிக்கொண்டேன். குண்டு போய்ப் படும் இடத்துக்கும் அதுதான் பெயர் என்று மத்தியானம் முதலாளி சொல்லித் தந்தார். சிரிக்கவில்லை. அவர் சிரித்து நான் கண்டதில்லை.

ஹெர் ப்ரூக்மன் என்று அவருக்குப் பெயர். மண்ணிறத் தோல் ஏப்ரன், கழுத்தில் நூல் கட்டித் தொங்கும் கண்ணாடி. ஒரு வாடிக்கையாளர் தன் ஸ்கோப்பைப் புகழ்ந்தால், மாப்பிள்ளை வீட்டார் மாப்பிள்ளையைப் புகழ்வதைக் கேட்கும் பெண்ணின் தகப்பனைப்போல் கண்ணாடிக்கு மேலால் பார்ப்பார். அவருடைய வாயிலிருந்து வரக்கூடிய அதியுயர் பாராட்டு, "நொஹ் நிஷ்ட் கபுட்" என்பது. இன்னும் பழுதாகவில்லை என்று அர்த்தம். பொருளுக்கும் அதுதான், ஆளுக்கும் அதுதான். என் பத்தாவது வருட நிறைவில் கேக் வெட்டியபோது எனக்கும் அதைச் சொன்னார்.

அவருடைய முறை இதுதான். சுவரில் பதித்த ஒரு குழாய்க்குள் கட்டம் போட்ட படம் தெரியும். ஸ்கோப்பைப் பிடிச்சிராவியில் இறுக்கி, அதன் குறுக்குக்கோட்டைப் படத்தின் நடுவில் வைக்கவேண்டும். பிறகு மேலேயுள்ள குமிழைத் திருகி நாற்பது கிளிக் மேலே, பக்கக் குமிழால் நாற்பது வலம், நாற்பது கீழே, நாற்பது இடம். ஒரு சதுரம். புறப்பட்ட இடத்துக்கே கோடு திரும்பி வரவேண்டும். பிறகு ரப்பர் சுத்தியலால் மூன்று தட்டு, மறுபடி சதுரம். இரவு முழுக்கக் குளிர்பெட்டியில் வைத்து, காலையில் இளஞ்சூட்டுத் தண்ணீரில் அமிழ்த்தி, குமிழி வருகிறதா என்று பார்த்து, மறுபடி சதுரம். குமிழைத் திருகும்போது காதோடு வைத்துக் கிளிக் சத்தத்தையும் கேட்பார். தெளிவாகத் தெரிகிறதா என்பதைக் கடைசியாகத்தான் பார்ப்பார். தெளிவாகப் பொய் சொல்வது இன்னும் மோசம் என்பது அவர் கட்சி.

இதைவிட முக்கியமான பாடம் ஒன்று உண்டு. ஸ்கோப்பைத் துவக்கோடு பிணைக்கும் மவுண்டுக்கு மேலே இரண்டு வளையம், கீழே இரண்டு கால். ஜேர்மன்காரர் அதை 'ஃபூஸ்' என்பார்கள். நான் முதல் நாளிலிருந்தே மனதுக்குள் அதைப் பாதம் என்றுதான் சொல்லிவந்தேன். ஹெர் ப்ரூக்மன் ஒருநாள் தன் தலையில் மிஞ்சியிருந்த தலைமயிரில் ஒன்றைப் பிடுங்கி, பின்பாதத்துக்கு அடியில் வைத்துப் பூட்டி, சுவர்ப் படத்தைப் பார்க்கச் சொன்னார். நூறு மீட்டரில் ஏழு சென்டிமீட்டர் விலகியிருந்தது. அதனால்தான் பூட்டுவதற்குச் சற்று முன்னர் பாதத்தை ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, பூதக்கண்ணாடியால் பார்க்கவேண்டும் என்பது பட்டறைச் சட்டம். சற்று முன்னர் என்பதை அவர் இரண்டு தரம் சொன்னார்.

இனிக் கிருபனுடைய கதை.

கிருபன் ஏழு வயதில் இங்கு வந்தவர். தீவிர சிகிச்சைப் பிரிவில் தாதி வேலை, சவர்லாண்ட் பக்கம் ஒரு கிராமத்தில் வீடு. வேட்டைப் பரீட்சை பாஸ் பண்ணியிருந்தார். நான் கண்ட முதலாவது தமிழ் வேட்டைக்காரர். வெள்ளிக்கிழமை மரக்கறி தின்னும் சனம் நாங்கள், நீர் ஏன் இந்த வேலைக்கு வந்தீர் என்று கேட்டேன். "ஆஸ்பத்திரியிலை நாள் முழுக்க மெஷின் கத்துது, அண்ணை. பரணிலை ஏறி இருந்தால் ஒண்டும் கத்தாது" என்றார்.

அந்தக் காட்டைக் குத்தகைக்கு வைத்திருந்தவர் ஹோல்மன் என்ற பால் பண்ணைக்காரர். இங்கே பரீட்சை பாஸ் பண்ணினால் மட்டும் காணாது. காடு வைத்திருப்பவர் உள்ளே வர எழுதித் தரவேண்டும். ஹோல்மன் எழுதித் தந்திருந்தார். கிராமத்தில் நாலு பேர் முணுமுணுத்த பிறகும் தந்திருந்தார். கிருபனுக்கு அந்தத் துண்டு, குடியுரிமைப் பத்திரத்தைவிடப் பெரிது. அது அரசாங்கம் தந்தது, இது அயலவர் தந்தது என்பார்.

பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கச் சரிவைப் பார்த்த பரண் அவருக்கு. தூரத்துக்கு ஏற்ற ஸ்கோப் வேண்டும், ஆனால் வீட்டுக் கடன் போகக் கையில் மிஞ்சுவதற்குள் அடங்கவேண்டும் என்றார். தொலைபேசியில் ஒன்றைக் காட்டினார். இருபத்துநாலு மடங்கு பெருப்பிக்கும், மூன்று நிறத்தில் வெளிச்சம் போடும், எண்ணாயிரம் பேர் ஐந்து நட்சத்திரம் குத்தியிருந்தார்கள். அதைச் செய்த கொம்பனியின் பெயரில் u எழுத்தின் தலையில் இரண்டு புள்ளி இருந்தது. ஜேர்மன் பெயராம். ஜேர்மன் மொழியில் அப்படி ஒரு சொல்லே இல்லை. அந்தப் புள்ளிகளைக் கண்டதும் என் சந்தேகம் பாய் போட்டு உட்கார்ந்துகொண்டது.

எவ்வளவு தூரம் என்று ஹெர் ப்ரூக்மன் கேட்டார். முந்நூறு மீட்டர் என்றார் கிருபன். "ஆரைச் சுட?" என்று கேட்டார் முதலாளி. பிறகு அளந்து பார்த்ததில் சரிவு இருநூற்றிச் சொச்சம்தான். அதற்கு மேலே போனால் இறங்கி நடக்கச் சொன்னார், நடை இலவசம் என்றார்.

குறைந்த காசுக்கு ஸ்கோப் தேடுகிறவர்களுக்கு நான் சொல்லிவந்ததைக் கிருபனுக்கும் சொன்னேன். பெருப்பத்தை வாங்காதையும், திரும்பி வருவதை வாங்கும். பன்னிரண்டு மடங்கு தாராளம். மலிவு ஸ்கோப்பில் இருபத்துநாலு என்றால் உமது நெஞ்சிடிப்பும் மூடுபனியும்தான் பெரிசாகத் தெரியும். வெளிச்சம் போடுகிற ஒவ்வொரு பொத்தானும் தண்ணீர் உள்ளே போக ஒரு வாசல். புதிய மலிவைவிடப் பழைய நல்லது மேல். பெட்டியில் எழுதியிருப்பதை நம்பாதையும், சதுரத்தை நம்பும். மிச்சம் பிடித்த காசை மவுண்டில் போடும். ஏனென்றால் திட்டு வாங்குவது ஸ்கோப், களவு செய்வது பாதம். கடைசி வசனத்தைக் கிருபன் தன் தொலைபேசியில் குறித்துக்கொண்டார். அப்போது எனக்குப் பெருமையாக இருந்தது.

கடைத் தட்டில் ஒன்று கிடந்தது. மூன்றிலிருந்து பன்னிரண்டு மடங்கு, அகன்ற முன்கண்ணாடி, ஒரு விளக்கும் இல்லை. சொந்தக்காரர் இறந்துபோக மனைவி கொண்டுவந்து கொடுத்தது. மூன்று நாள் சோதித்தேன். பத்துச் சதுரம், பத்துத் தரமும் வீட்டுக்கு வந்தது. சுத்தியலுக்கும் சுடுதண்ணீருக்கும் அசையவில்லை. ஹெர் ப்ரூக்மன் காதில் வைத்துக் கேட்டுவிட்டு, இன்னும் பழுதாகவில்லை என்றார். மூன்றாம் நாள் பின்னேரமே மவுண்டை அதில் பூட்டி, பாதங்களை ஸ்பிரிட் போட்டுத் துடைத்து முடித்தேன். அன்றைக்குச் சரஸ்வதி பூசை. வருடா வருடம் என் திருப்புளிகள் பூசைக்கு வீட்டுக்கு வரும். அந்த வருடம் தமிழன் ஒருவனின் ஸ்கோப்பும் என்னோடு ரயிலில் வந்து, அடுத்த நாள் காலை என்னோடு திரும்பிப் போயிற்று. காலையிலேயே கிருபனின் துவக்கில் பூட்டினேன். மத்தியானம் சுடுகளத்தில் மூன்று குண்டையும் அவர் ஒரு ஐந்து சத நாணயத்துக்குள் வைத்தார்.

இரண்டு கிழமை கழித்து அவர் தொலைபேசி எடுத்தார். மழைக்குப் பிறகு ஒரு விடியலில் மானுக்கு அடியால் குண்டு போய்விட்டது. துவக்கோடு வரச் சொல்லிச் சுடுகளத்தில் பார்க்க, எட்டுச் சென்டிமீட்டர் கீழே. நான் எட்டுக் கிளிக் ஏற்றிவிட்டு, துவக்கைக் காரில் போட்டு அடித்திருப்பீர் என்றேன். இல்லை அண்ணை என்றார். எல்லாரும் இல்லை என்றுதான் சொல்வார்கள் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

அடுத்தது நல்ல பனிக் காலை. இந்த முறை குண்டு மானின் முன்னங்காலில் பட்டது. அது பற்றைக்குள் போய்விட்டது. நாய் கொண்டு தேடுகிறவர் வந்து, மூன்று மணி நேரத்துக்குப் பிறகு அதன் வேதனையை முடித்துவைத்தார். ஹோல்மன் சத்தம் போடவில்லையாம். துண்டைத் திருப்பிக் கேட்டிருக்கிறார். காரணம் என்னவென்று எழுத்தில் வரட்டும், துவக்கு என்றால் பார்ப்போம், நீ என்றால் இனி இங்கே வராதே என்றிருக்கிறார்.

கிருபன் துவக்கைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். "சுடத் தெரியாதவன் எண்டு ஊர் சொல்லட்டும், அண்ணை. அது மூண்டு மணித்தியாலம் கிடந்தது. அது என்ரை கையாலையோ, இல்லையோ? அதை மட்டும் சொல்லுங்கோ." வேலையிடத்தில் தினமும் ஆட்களின் வேதனையை எண்ணிக் குறிக்கிற மனுசன் அவர். நான் கண்டுபிடித்துத் தருகிறேன் என்றேன்.

அன்று தொடங்கியது அந்த மூன்று கிழமை. வளையங்களைத் திறந்து ஸ்கோப்பை மட்டும் எடுத்தேன். மவுண்டைத் துவக்கிலேயே விட்டேன், அது நான் பூட்டியது. ஸ்கோப் மறுபடி பத்துச் சதுரம் வரைந்து, பத்துத் தரமும் வீட்டுக்கு வந்தது. இவ்வளவு ஒழுங்கான பொருளை நம்பக்கூடாது என்று பட்டது. உறைகுளிரில் வைத்தேன், ஈரத்துணியில் சுற்றி வைத்தேன். தோட்டாக்களை ஒவ்வொன்றாக நிறுத்தேன். ஹோல்மன் இவரை அனுப்ப வழி தேடுகிறாரோ, பரணில் துவக்கை யாரும் தொட்டார்களோ என்று கிருபனிடம் கேட்டேன். ஹோல்மன் தனக்குப் பால் தந்து அனுப்புகிற மனுசன் என்றார். பால் தருகிறவர்களைப் பற்றியும் எனக்கு ஒரு கருத்து இருந்தது.

பிறகு கிருபனிடமே வந்தேன். இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. சுடுகளத்தில் அவருக்குத் தெரியாமல் ஒரு வெற்றுத் தோட்டாவைக் கலந்து கொடுத்தேன். பயந்து விசையை இழுக்கிறவனின் குழல், வெடிக்காதபோது துள்ளும். அவருடையது அசையவே இல்லை. வெற்றுத் தோட்டாவை வெளியே எடுத்துப் பார்த்துவிட்டு, என்னை ஒருமுறை பார்த்து, "ஓம், என்னையும் பார்க்கத்தானே வேணும்" என்று மட்டும் சொன்னார்.

மூன்றாவது கிழமை முடிவில் ஹெர் ப்ரூக்மன் என் மேசைக்கு வந்தார். இதுவரை நான் எழுதிய சோதனைக் குறிப்பை வாசித்தார். நான்கு பக்கம். வாசித்துவிட்டு ஒரேயொரு கேள்வி கேட்டார். மவுண்டைப் பூட்டியது யார்? நான் என்றேன். அப்படியானால் நீங்கள் கையை எடுங்கள், நான் கழற்றுகிறேன் என்றார்.

முன்பாதம் சுத்தமாக வந்தது. பின்பாதத்தைத் தூக்கியபோது, மேசையில் விரித்திருந்த வெள்ளைத் துணியில் மஞ்சளாக ஒரு செதில் விழுந்தது. நகத்தின் பாதி அளவு, ஓரத்தில் இலேசாகச் சிவப்பு. அவர் அதைச் சாமணத்தால் எடுத்து, வெளிச்சத்தில் பிடித்து, மூக்கருகே கொண்டுபோனார். இருபத்தாறு வருடத்தில் அந்த மனுசன் குழம்பி நின்றதை அன்றுதான் கண்டேன். எந்த எண்ணெய் இப்படி மணக்கும் என்று கேட்டார்.

எனக்கு மணக்கத் தேவையிருக்கவில்லை. பூசையன்று மனைவி சந்தனக் கிண்ணத்தைத் தந்து, அந்தக் குழாய்க்கு மேலால் ஒரு பொட்டு வைத்தால் காணும் என்றுதான் சொன்னாள். நான் நிபுணனல்லவா? கண்ணாடியில் பட்டால் பூச்சுப் போகும், குமிழில் பட்டால் உள்ளே இறங்கும், வளையத்தில் பட்டால் வழுக்கும் என்று ஒவ்வொரு இடமாக விலக்கி, ஆபத்தில்லாத இடமென்று பாதங்களைத் தெரிவு செய்தேன். பாதத்தில் சந்தனம் வைப்பது நமக்கு வழக்கம்தானே! அதை ஃபூஸ் என்று நினைத்திருந்தால் வைத்திருக்கமாட்டேன். காலையில் துணியால் துடைத்தேன். முன்பாதத்தில் போய்விட்டது, பின்பாதத்தின் தவாளிப்புப் பள்ளத்தில் நின்றுவிட்டது. ஸ்பிரிட்டும் பூதக்கண்ணாடியும் முதல் நாளே முடிந்த வேலையென்று எடுக்கவில்லை. காய்ந்த சந்தனத்தோடு குறி பார்த்துச் சரிசெய்தோம். மழையிலும் பனியிலும் அது ஊறி நசிய, சுடச்சுடப் பாதம் கீழே இறங்கியது. குண்டும் இறங்கியது.

கல்வித் தெய்வம், ஆயுதங்களுக்கு ஓய்வு, தொழிலுக்கு மரியாதை என்று பத்து நிமிடம் விளக்கினேன். ஹெர் ப்ரூக்மன் முழுவதும் கேட்டார். பிறகு, ஹோல்மனுக்குப் போகும் அறிக்கையில் 'அழுக்கு' என்றும் எழுதலாம், யாருக்கும் விளக்கவேண்டி வராது என்றார். அவர் எனக்குக் காட்டிய ஒரே கருணை அது. ஆனால் அழுக்கு என்று எழுதினால் அது துவக்கு வைத்திருப்பவர் துடைக்காத அழுக்கு. ஹோல்மன் அப்படித்தான் வாசிப்பார். வெற்றுத் தோட்டாவை எடுத்துப் பார்த்த கிருபனின் முகம் நினைவுக்கு வந்தது. உள்ளதை எழுதுங்கள், என் பெயரையும் போடுங்கள் என்றேன். அவர் பேனாவைத் திறந்து தன் நேரான எழுத்தில் எழுதினார்: 'காரணம்: பூட்டியவரின் தவறு. பின்காலின் கீழ் வெளிப்பொருள், மதம் சார்ந்தது.' நான் கையெழுத்து வைத்தேன்.

கிருபனிடம் நேரில் போய்ச் சொன்னேன். தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். "அப்ப என்ரை கையாலை இல்லை" என்றார். என் கையால் என்று நான் சொன்னேன். அதை அவர் மறுக்கவில்லை.

ஹோல்மனுக்குக் கடிதம் போனது. சுத்தமான பாதத்தோடு மறுபடி பூட்டிய துவக்கைத் தன் முன்னால் கிருபன் சுட்டுக் காட்டவேண்டும் என்றார். இருநூறு மீட்டரில் மூன்று குண்டும் ஒரு தேநீர்க் கோப்பைத் தட்டுக்குள் விழுந்தன. ஹோல்மன் துண்டைத் திருப்பிக் கொடுத்தார். சந்தனம் என்றால் என்னவென்று கேட்டு, கொஞ்சம் வாங்கி மணந்தும் பார்த்தாராம்.

அதன் பிறகு தை மாதத்தில் ஒருநாள் கிருபன் தொலைபேசி எடுத்தார். முதல் பன்றி கிடைத்துவிட்டது என்றார். எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது. அத்தனை சதுரம், அத்தனை சந்தேகம், அந்தக் கையெழுத்து. எவ்வளவு தூரம் என்று கேட்டேன். பரணுக்குக் கீழே, முப்பது அடி என்றார். சரி, தூரம் போகட்டும், கண்ணாடி எப்படி, பன்னிரண்டு மடங்கில் விளக்கமாகத் தெரிந்ததா என்று கேட்டேன்.

"ஓம் அண்ணை. பிறகு மூண்டுக்குக் குறைச்சுத்தான் சுட்டனான். பன்ரண்டிலை வைச்சுப் பார்க்க மயிர்தான் தெரிஞ்சது."